கணக்குப் பாடத்துக்கு ஒதுக்கிய பணம்: கருவிக்கா, மென்பொருளுக்கா, ஆசிரியருக்கா, பாடத்திட்டத்துக்கா?

பள்ளி நிர்வாகமோ தொண்டு நிறுவனமோ கல்வித் துறையின் ஒரு பிரிவோ, கணிதத்துக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டுக் கூடி உட்கார்ந்தால் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. ஒருவர் டேப்லெட் வாங்கலாம் என்பார். இன்னொருவர், "இனி எல்லாமே செயற்கை நுண்ணறிவுதான், ஆறாம் வகுப்பிலேயே கோடிங் ஆரம்பிக்க வேண்டும்" என்பார். கணக்கு ஆசிரியை மட்டும், "எட்டாம் வகுப்புக்கு வந்தும் பாதிப் பேருக்கு வகுத்தல் வரவில்லையே" என்று மெதுவாகச் சொல்வார். எல்லோரும் ஒரு நொடி அமைதியாகிவிட்டு, மறுபடி டேப்லெட் விலைக்குப் போவார்கள்.

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, சிக்கலே அதில்தான். இந்தியாவில் 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் எடுத்த 2023-ஆம் ஆண்டு அசர் (கிராமப்புறப் பிள்ளைகளின் கல்விநிலையை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் கணக்கெடுப்பு) ஆய்வைப் பாருங்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரிகிறது. மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுக்கச் சொன்னால் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம். தொழில்நுட்பம் வீட்டுக்குள் வந்துவிட்டது, வகுத்தல் இன்னும் வரவில்லை. வளரும் நாடுகள் பலவற்றில் இதே கதைதான்.

பணம் அளவோடு இருக்கும்போது எதை முதலில் எடுப்பது? நான்கு வழிகளையும், ஓரமாக ஐந்தாவது ஒன்றையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளுக்குள் போவதற்கு முன் கேள்விகளை முடிவு செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் கடைசியாக வந்து விளக்கப்படம் காட்டியவர் சொன்னதே சரியென்று தோன்றிவிடும்.

பிள்ளை தன் நிலைக்கேற்ற கணக்கை வாரத்துக்கு எத்தனை நிமிடம் தானே போடும்? என் கணிப்பில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது கனமானது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கழித்தலே தடுமாறினால், கரும்பலகையில் நடக்கும் விகிதக் கணக்கு அதற்கு வெறும் காட்சி. அந்த நாற்பது நிமிடத்தை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

பணம் நின்ற மறு ஆண்டு என்ன மிஞ்சும்? நிதி எப்போதும் நிற்கும். திட்டம் எழுதும்போதே இதையும் எழுதிவிட வேண்டும்.

பயன் யாருக்குப் போகிறது? கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள்; மற்றவர்களால் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே முடியவில்லை. புத்தகத்துக்கே இந்த நிலை என்றால் மென்பொருளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆசிரியரிடம் என்ன கேட்கிறது? இருக்கிற வேலையில் ஏதாவது குறைகிறதா, இல்லை மேலே இன்னொன்றா?

கருவி அடியோடு மாறினாலும் கற்றது நிற்குமா? வேகமாக மாறும் காலம் என்று சொல்லிக்கொண்டே, மிக வேகமாகப் பழசாகிற பொருளில் மொத்தப் பணத்தையும் போடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

## பிள்ளைக்கு ஒரு கருவி

இதற்கு நல்ல சோதனைக்களம் பெரு. 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரபான்டே "நூறு டாலர் மடிக்கணினி" என்று அறிவித்தபோது பல நாடுகள் ஆவலோடு பார்த்தன. விலை நூறு டாலரில் நிற்கவில்லை, இருநூறை ஒட்டிப் போனது. ஆனாலும் பெரு எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கருவி கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காதவற்றையும் பதினைந்து மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் வித்தியாசம் இல்லை. பத்தாண்டு கழித்துத் தொடர்ந்து பார்த்தபோதும் படிப்பில் முன்னேற்றம் தென்படவில்லை. கணினியைக் கையாளும் திறன் மட்டும் கூடியிருந்தது.

காரணம் மர்மமானதல்ல. கருவி வந்தது, கணக்கு வகுப்பு அப்படியே இருந்தது. எந்தப் பாடத்துக்கு எப்போது அதை எடுப்பது என்று ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தக் கணினிக்கும் தெரியாது.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். உலகத் தொடக்கப் பள்ளிகளில் நான்கில் ஒன்றுக்கு மின்சாரமே இல்லை, இணையம் இருப்பது ஏறத்தாழ 40 சதவீதத்தில் என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது. மின்சாரம் இருக்கும் பள்ளியிலும் நாற்பது கருவிக்குச் சார்ஜ் போட எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது என்று போய் எண்ணிப் பாருங்கள். பேட்டரி, உடைந்த திரை, மென்பொருள் புதுப்பித்தல், நான்கைந்து ஆண்டில் மொத்தமாக மாற்றுவது என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு செலவு உண்டு: தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயம் இருக்கும் பள்ளியில் கருவிகள் பீரோவுக்குள்தான் இருக்கும், ஆய்வுக்கு ஆள் வரும் அன்று வெளியே வரும். தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான்.

இந்த வழி பொருந்தும் இடமும் இருக்கிறது. அடிப்படை கைவந்த மேல்வகுப்பு மாணவர்களுக்கு விரிதாளில் (எக்செல் போன்றது) உண்மைத் தரவை இட்டு வரைபடம் போட்டுப் பார்ப்பது, கையால் செய்யவே முடியாத கணிதம். அதற்குக்கூட ஆளுக்கொன்று வேண்டாம், பகிர்ந்துகொள்ளும் அறை போதும். 2007-இல் தொடங்கிய உருகுவேயின் சேபால் திட்டம் நாடு முழுவதும் கருவி கொடுத்து நிலைத்தது. ஆனால் அது சிறிய நாடு. இணைய இணைப்பு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கென்று ஓர் அமைப்பையே கட்டியது, பிறகு கணிதத்துக்குத் தனித் தளத்தையும் சேர்த்தது. டிஜிட்டல் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் கருவி கொடுக்கலாம், தப்பில்லை. அதைக் கணிதத் திட்டம் என்று பெயரிடாமல் இருந்தால் சரி.

## நிலையறிந்து கணக்குக் கொடுக்கும் மென்பொருள்

பிள்ளை தவறு செய்தால் கீழே இறங்கி, சரியாகச் செய்தால் மேலே ஏறிக் கணக்குக் கொடுக்கும் மென்பொருள் வேறு ரகம். என் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான்.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளிநேரத்துக்குப் பிந்தைய மையங்களில் வைத்து 2015-இல் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2019-இல் வெளியாயின. சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். நாலரை மாதத்தில் கணித மதிப்பெண் 0.37 திட்டவிலக்கம் கூடியது. சாதாரணமாகச் சொன்னால், நூறு பேரில் ஐம்பதாவது இடத்தில் இருந்த பிள்ளை முப்பத்தாறாவது இடத்தை ஒட்டி வருவது. இவ்வளவு குறுகிய காலத்துக்கு இது பெரிய நகர்வு.

விற்பனைக்கு வருபவர் இதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் அந்த மையத்தில் தினமும் தொண்ணூறு நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள். அதில் பாதி நேரம் ஓர் ஆள் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மென்பொருளை மட்டும் வாங்கி, வாரத்துக்கு ஒரு பாடவேளை கணினி அறைக்குள் விட்டால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இதற்கும் முன்பு வதோதராவில், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணித விளையாட்டு என்று ஒரு திட்டம் நடந்தது. கணிதம் நன்றாகவே உயர்ந்தது. திட்டம் நின்று ஓராண்டில் அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்துபோனது.

இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவும் இந்த வரிசையில் வந்து நிற்கிறது. கானாவில் வாட்ஸ்அப் வழியாக, வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் கணிதம் சொல்லித்தந்த ஒரு திட்டம் நல்ல பலன் காட்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறாக எச்சரிப்பது துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலை மாணவர்களிடம் நடந்த சோதனை. ஒரு குழுவுக்கு ஜிபிடி-4 என்ற உரையாடும் செயற்கை நுண்ணறிவை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் அமைத்த வடிவம். பயிற்சி செய்யும்போது முதல் குழு 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் கூடுதலாக மதிப்பெண் எடுத்தன. பிறகு உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, அந்த உதவியே கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் கீழே இறங்கியது. துப்பு மட்டும் பெற்ற குழு இறங்கவில்லை. ஆனால், இதைக் கவனியுங்கள், தேர்வில் உயரவும் இல்லை. பயிற்சியில் தெரிந்த அந்த 127 சதவீதம் எங்கே போனது? திரையில் பச்சை விளக்கு எரிவதைக் கற்றல் என்று எண்ணிக்கொள்ளும் எந்த நிர்வாகமும் இந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ஆண்டுச் சந்தா. கருவியைப்போல ஒருமுறை வாங்கி முடிகிற விஷயம் அல்ல இது, நிறுத்தினால் அன்றே எல்லாம் போய்விடும். இரண்டாவது மொழி. வாக்கியக் கணக்கின் மொழிபெயர்ப்பு முரடாக இருந்தால் பிள்ளை தடுமாறுவது கணக்கில் அல்ல, வாக்கியத்தில். மென்பொருள் அதையும் கணக்குத் தவறு என்று பதிந்து கீழே இறக்கிவிடும். பிள்ளைகளின் தரவு எங்கே போகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் கணினி அறை, தினமும் நேரம், கூடவே ஓர் ஆள் என்று மூன்றும் இருந்தால் இது நல்ல தேர்வு. ஒரே வகுப்பில் நிலைகள் மிகவும் சிதறிக்கிடக்கும் நடுநிலை வகுப்புகளில் இதன் அருமை நன்றாகத் தெரியும்.

## வகுப்பை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தல்

இதில் படம் பிடித்துப் போட எதுவும் இருக்காது. தரையில் உட்கார்ந்து குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான்.

பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, எண்ணை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, வகுப்பது என்று சில நிமிடச் சோதனை. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, அந்த நிலைப்படி குழு பிரித்து, நாளுக்கு ஓரிரு மணி நேரம் கற்பித்தல். சில வாரம் கழித்து மறுபடி சோதித்துக் குழு மாற்றுதல். உலக வங்கியும் யுனிசெஃபும் பிரிட்டன் அரசும் கூட்டிய வல்லுநர் குழு 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கும், ஆசிரியருக்குத் தினசரிப் பாடக்குறிப்பு, பயிற்சி, தொடர் துணை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கும் செலவுக்கேற்ற பலனில் முன்வரிசை கிடைத்தது. வேறெதையும் மாற்றாமல் கருவிகளை மட்டும் வாங்கிக் கொடுப்பது "வேண்டாம்" வரிசையில் இருக்கிறது.

ஆனால் இந்த முறையும் தோற்றிருக்கிறது. பிகாரிலும் உத்தரகண்டிலும் பள்ளிநாட்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருட்களும் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஆசிரியர் வகுப்புக்குத் திரும்பியதும் போர்ஷனை முடிக்கும் பழைய ஓட்டத்துக்கே போய்விட்டார். ஹரியானாவில் கால அட்டவணையிலேயே ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி, மேற்பார்வையாளர்களே முதலில் வகுப்பெடுத்துப் பழகி, பிறகு பள்ளிக்கு வந்து துணை நின்றபோது பலன் வந்தது. அங்கே அளந்தது மொழிப் பாடத்தில் என்றாலும், நேரம் ஒதுக்காமல் முறை மட்டும் வேலை செய்யாது என்பது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும்.

ஆக, பணத்தில் வராத செலவு கால அட்டவணைதான். அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்ற சண்டையைப் போடத் துணிவு வேண்டும். பள்ளிகளுக்குத் தொடர்ந்து போய்வரும் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளமும் பயணப்படியும் வேண்டும். இந்த முறைக்கு ஒரு கூரையும் உண்டு. நான்கு அடிப்படைச் செயல்கள் வரை அழகாகக் கொண்டுபோகும். பின்னம், விகிதம், இயற்கணிதம் என்று வரும்போது அதே எளிமையோடு நீட்டிக்க முடிவதில்லை. முன்னணியில் உள்ள பிள்ளைக்கு இதில் அதிகம் கிடைக்காது.

பணம் நின்றாலும் மிஞ்சுவது என்ன? ஒரு பிள்ளையின் தவறைப் பார்த்து எங்கே சிக்கல் என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர். நாளை எந்த மென்பொருள் வந்தாலும் அதைச் சரியாகப் பயன்படுத்தப் போகிறவரும் அவர்தான்.

## பாடத்திட்டத்தை மாற்றுதல்

கோடிங், தரவு, புள்ளியியல் ஆகியவற்றைக் கணிதத்துக்குள் கொண்டுவருவது நான்காவது வழி. வாதம் வலுவானது: வகுப்பதை இயந்திரம் செய்யும் என்றால், எதை வகுக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதானே மனிதன் வேலை? பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின் 2022-ஆம் ஆண்டுக் கணிதச் சட்டகத்திலும் கணினிவழிச் சிந்தனைக்கு இடம் கொடுத்தார்கள்.

இதே உற்சாகத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று. விண்வெளிப் போட்டிக் காலத்தில் மேற்கில் கிளம்பிய "நவீன கணிதம்" ஆப்பிரிக்காவுக்கும் போனது. 1962-இல் உகாண்டாவின் என்டெபேயில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடிக் கணங்களும் அமைப்புகளும் நிறைந்த பாடநூல்களை எழுதத் தொடங்கினார்கள். நோக்கம் நல்லது, எழுதியவர்கள் திறமைசாலிகள். ஆனால் வகுப்பறை ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதைக் கற்றிருக்கவில்லை, பெற்றோருக்கு ஒன்றும் புரியவில்லை. 1970-களின் பிற்பகுதியில் நைஜீரியா அதைக் கைவிட்டது. நூலை ஒரு கோடையில் எழுதிவிடலாம், ஆசிரியர்களை ஒரு கோடையில் தயாரிக்க முடியாது.

இன்னொரு ஆபத்து சுமை. லான்ட் பிரிட்செட், அமான்டா பீட்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியதுபோல, பிள்ளைகள் கற்கும் வேகத்தைவிடப் பாடத்திட்டம் வேகமாக ஓடினால், ஒருமுறை பின்தங்கிய பிள்ளை மறுபடி வந்து சேர்வதே இல்லை. எதையும் எடுக்காமல் கோடிங்கைச் சேர்ப்பது அந்த வேகத்தைக் கூட்டும்.

ஆனாலும் இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு 2025-இல் வெளியான ஓர் ஆய்வு காரணம். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கடைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் போய்ப் பார்த்தார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ என்பது போன்ற கணக்கை, பெரும்பாலும் தாளும் பேனாவும் இல்லாமல், மனத்திலேயே போட்டார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்ததும் தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் நேர்மாறு: தாளில் பரவாயில்லை, சந்தைக் கணக்கில் தடுமாற்றம். 1985-இல் பிரேசிலின் ரெசிஃபேயில் தெருவில் விற்கும் பிள்ளைகளிடம் கண்டதும் இதுதான். நாற்பது ஆண்டு கழித்தும் சந்தைக் கணக்குக்கும் பள்ளிக் கணக்குக்கும் நடுவே பாலம் கட்டப்படவில்லை.

நிலைமையைக் கணக்காக்குவதும், வந்த விடை நடக்கக்கூடியதா என்று மறுபடி நிலைமையில் வைத்துப் பார்ப்பதும்தான் அந்தப் பாலம். இயந்திரத்திடம் சரியாகக் கேட்கவும், அது தப்பாகச் சொன்னால் பிடிக்கவும் தேவைப்படும் திறமையும் இதுவே. இதற்கு மின்சாரம் வேண்டாம். தோராய மதிப்பீடு, விகிதம், சதவீதம், வரைபடம் படித்தல், நிகழ்தகவு ஆகியவற்றுக்குக் கூடுதல் நேரம். ஆறு இலக்க எண்களை நீள வகுத்தலுக்குக் குறைந்த நேரம். நான் பாடத்திட்டக் குழுவில் இருந்தால் எடுப்பதற்கான பட்டியலை முதலில் கேட்பேன், சேர்ப்பதற்கானதை அப்புறம். பொதுத்தேர்வு வினாத்தாளையும் மாற்றாவிட்டால் இதெல்லாம் காகிதத்தோடு நிற்கும். வகுப்பில் நடப்பதைத் தீர்மானிப்பது அந்த வினாத்தாள்தான்.

## ஓரமாக ஐந்தாவது: சாதாரணத் தொலைபேசி

பள்ளிகள் மூடிய 2020-இல் போட்ஸ்வானாவில் குறுஞ்செய்தியோடு வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, சுமார் இருபது நிமிடம் என்று ஓர் ஆசிரியர் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்துப் பேசிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பலன் இருந்தது. குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிய குழுவில் சொல்லும்படி பலன் இல்லை. முழு வகுப்புக்கு மாற்று அல்ல இது. நீண்ட விடுமுறை, வெள்ளம், இடப்பெயர்வு போன்ற காலத்துக்குக் கைவசம் வைத்துக்கொள்ள மலிவான வழி.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | தன் நிலையில் பயிற்சி | பணம் நின்றால் மிஞ்சுவது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஆளுக்கொரு கருவி | தானாகக் கூடாது | சில ஆண்டுக்குக் கருவி | மின்சாரம், பழுது, பொறுப்பு | மேல்வகுப்பு, பகிர்ந்து |
| தகவமைக்கும் மென்பொருள் | மிக அதிகம், நேரம் கொடுத்தால் | குறைவு | சந்தா, மொழி, உடன் ஓர் ஆள் | நிலை சிதறிய நடுநிலை வகுப்பு |
| நிலைவாரிக் கற்பித்தல் | அதிகம் | ஆசிரியரின் திறமை | கால அட்டவணை, களத்துணை | அடிப்படை வராதவர்கள் |
| பாடத்திட்ட மாற்றம் | மாறாது, சுமை கூடினால் குறையும் | நீண்ட காலம் | தேர்வுமுறை, ஆசிரியர் தயாரிப்பு | அடிப்படை வந்தவர்கள் |

## சரி, எதை எடுப்பது

இருபது, முப்பது பள்ளிகளோடு வேலை செய்யும் அமைப்பு என்றால் முதல் இரண்டு ஆண்டுப் பணத்தை நிலைவாரிக் கற்பித்தலில் போடுங்கள். களத்துக்குப் போகும் ஆளுக்கு வேண்டுமானால் ஒரு டேப்லெட் கொடுங்கள். கென்யாவில் படிப்புத்திறன் திட்டம் ஒன்றில் கருவியை மாணவருக்கு, ஆசிரியருக்கு, மேற்பார்வையாளருக்கு என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தபோது பலனில் பெரிய வேறுபாடு இல்லை. மேற்பார்வையாளருக்குக் கொடுப்பது மற்ற இரண்டையும்விட மிகவும் மலிவு.

கணினி அறை ஏற்கெனவே இருந்து தூசி படிந்து கிடந்தால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். மென்பொருளும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் போதும். வாரத்துக்குக் குறைந்தது மூன்று பாடவேளை ஒதுக்க முடியாது என்றால் அதுவும் வேண்டாம். வாங்குவதற்கு முன், மென்பொருள் இல்லாமல் தாளில் வைக்கும் தேர்வின் மதிப்பெண்ணைத்தான் பார்ப்போம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

மாநில, தேசிய அளவில் முடிவெடுப்பவர்களுக்கு வரிசை வேறு. பாடத்திட்டத்தையும் பொதுத்தேர்வையும் அவர்களைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. டேப்லெட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். ஆகவே அவர்கள் நேரத்தை அங்கேதான் செலவிட வேண்டும், கொள்முதல் கோப்பில் அல்ல.

எந்த இடத்தில் இருந்தாலும், கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பள்ளிக்குப் போய் ஏழாம் வகுப்பில் இருபது பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்கலாம். 52-இல் 17 போனால் எவ்வளவு? 845-ஐ 7-ஆல் வகுத்தால்? 300 ரூபாய்ப் பொருளுக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்றால் என்ன விலை? முதல் இரண்டில் பாதிப் பேர் நின்றுவிட்டால் உங்களுக்கு வேண்டியது குச்சிக்கட்டும் ஒரு மணி நேரமும். மூன்றாவதில் மட்டும் நின்றால் மென்பொருளைப் பற்றியும் பாடத்திட்டத்தைப் பற்றியும் பேசலாம். ஒரு காலைப்பொழுது வேலை; அந்த இருபது தாள்களையும் கையோடு கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.